ஒன்பதாம் எண் மயில்

பச்சைக்கு அடியில் நீலம், நீலத்துக்கு அடியில் இன்னொரு பச்சை, அதற்கும் அடியில் சாம்பல், சவர பிளேடின் பாதித் துண்டை விரலிடுக்கில் பிடித்துச் சுரண்டச் சுரண்ட நிறம் நிறமாகச் சுருண்டு காலடியில் விழுகிறது, ஒவ்வொரு சுருளும் ஒரு எஃப்.சி., தகுதிச் சான்றுக்குப் போகுமுன் வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தாக வேண்டும் என்பதால் அப்பா அடித்தது, மற்ற டிரைவர்கள் மட்டமான டப்பா ஒன்றை வாங்கி ஒரு கை பூசிவிட்டுப் போவார்கள், அப்பா இரண்டு கை பூசுவார், இடது கதவுக்கு மட்டும் மூன்று கை, ஏன் அந்தக் கதவுக்கு மட்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை, அவரிடம் கேட்கும்படியான பிள்ளையாக நானும் இல்லை, பதில் சொல்லும்படியான ஆளாக அவரும் இல்லை. சாம்பலும் போனபின் பாலாடை நிறம் வந்தது, அதன்மேல் சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு, போனில் கோயம்புத்தூர்க்காரர் சொன்னது அதைத்தான், கதவோட கீழ்மூலையில தீப்பெட்டி அளவுக்குச் சுரண்டிப் பாருங்க, பாலாடையும் சிவப்பும் இருந்துச்சுன்னா எனக்கு போட்டோ அனுப்புங்க, இல்லீன்னா எடைக்குப் போட்டுருங்க என்றார். அவர் பெயர் ஹரிகோவிந்த், பழைய வண்டிகளை வாங்கிச் சேர்க்கிறவர், அதற்கென்று கொட்டகை கட்டி வைத்திருக்கிறாராம்.

எடைக்குப் போட்டால் முப்பத்தெட்டாயிரம் என்று இரும்புக்கடைக்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார், அப்பா இறந்து இரண்டு வருஷம், வண்டி ஓடி நான்கு வருஷம், வீட்டோரம் தகரத்துக்குக் கீழே டயர் நான்கும் தரையோடு படிந்து கிடக்கிறது, அதைப் படம் எடுத்துப் பழைய வண்டி விற்கும் குழு ஒன்றில் போட்டது நான்தான், எனக்கு ஒரு குட்டியானை வேண்டும், அந்தச் சின்ன சரக்கு வண்டி, செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் போதும், அதை வைத்துக்கொண்டு பகலில் ஓட்டிப் பகலில் சம்பாதித்து மற்ற மனுஷர்களைப்போல இருட்டியதும் படுக்க வேண்டும், பதினெட்டு வருஷமாக பாய்லர் குழாய்க்கு விளிம்பு சீவும் ஷெட்டில் இரவு ஷிப்ட் பார்க்கிறேன், என் உடம்பில் எது பழுதானாலும் முதலில் தூக்கத்தில்தான் பழுதாகிறது. இந்த வண்டியை அன்றைக்கே விற்றிருந்தால் நான் பாலிடெக்னிக்கில் மூன்றாம் வருஷத்துக்குப் போயிருப்பேன், இரண்டாம் வருஷக் கட்டணத்துக்கு வழியில்லாமல் நின்றபோது நான்தான் வாயைத் திறந்து விற்கச் சொன்னேன், அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை, இது விக்கிற வண்டி இல்ல என்றார், மறுநாள் நான் புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டேன், அவர் அதைப் பார்த்தார், வண்டிக்கு கிரீஸ் அடிக்கப் போய்விட்டார். அப்பா அப்போது வாடகைக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், அதற்கு முன்பு முருகானந்தா மோட்டார் கம்பெனியில் ஃபிட்டர், துவாக்குடிப் பக்கம் அந்தக் கம்பெனி இருந்ததே இன்றைக்குப் பலருக்குத் தெரியாது, அவர்கள் செய்த பிக்கப் வண்டிக்குப் பெயர் மயில், எண்பத்துநாலில் கம்பெனிக்கு வெள்ளி விழா, அதற்காகச் சில மயில்களை மட்டும் பாலாடை நிறத்தில் சிவப்புக் கோடு போட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே பித்தளைத் தகட்டில் எண் பொறித்துச் செய்தார்கள், அதில் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது, நானும் அந்த வருஷம்தான் வந்தேன். குலுக்கலில் விழுந்தது என்பார் அப்பா, ஐந்நூறு பேர் டோக்கன் போட்டாங்க, முதலாளி பேத்தி கையை விட்டு எடுத்துச்சு, நானூத்திப் பதினெட்டு, என் டோக்கன், இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரல்போல ஆகிவிடும், நானும் பள்ளிக்கூடத்தில் அப்படியே சொல்லியிருக்கிறேன், பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

போட்டோவைப் பார்த்த ஹரிகோவிந்த் உடனே கூப்பிட்டார், மொத்தம் எத்தனை செஞ்சாங்க, உங்களது எத்தனாவது, அதுக்கு ஏதாச்சும் காகிதம் இருக்குதுங்களா, அது தெரிஞ்சாத்தான் விலை பேச முடியும் என்றார், நான் போய்ப் பார்த்தேன், பித்தளைத் தகடு இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள்தான் இருந்தன, நெம்பிப் பிடுங்கிய அடையாளம். சேஸிஸ் நம்பர் இருக்கிறதல்லவா, அதை எடுத்தேன், எஃப்.சி.க்கு எடுப்பதுபோலத்தான், துருவைத் துடைத்து வெள்ளைக் காகிதத்தை அதன்மேல் ஒட்டிப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால் எண் வெளுப்பாக எழும்பி வரும், அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு காட்டூரில் வேதரத்தினம் வீட்டுக்குப் போனேன், கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தவர், பேங்க்காரன் வந்து பூட்டுப் போட்ட அன்று டெலிவரி ரெஜிஸ்டரைச் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவர், எதற்கு என்று கேட்டால் சும்மாதான் என்கிறார். பென்சில் எண்ணையும் ரெஜிஸ்டரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், ஒன்பதாவது வண்டி, செல்லப்பெருமாள் என்று அப்பா பெயரைப் படித்தார், குலுக்கல்ல விழுந்தது சார் என்று நான் சொன்னேன், அவர் கண்ணாடியைக் கழற்றினார். குலுக்கலா, யாரு சொன்னது என்று கேட்டார். அப்பா என்றேன். கணக்கு ஒப்பிக்கிறவர்போலச் சொன்னார், செஞ்சது பன்னெண்டே பன்னெண்டு தம்பி, எம்பத்துமூணுல தொண்ணூத்துநாலு நாள் ஸ்டிரைக்கு, அதுல பின்கேட் வழியா உள்ள வந்து வேலை பார்த்தது பன்னெண்டு பேரு, அவங்களுக்குக் குடுத்ததுதான் இந்த வண்டி, உள்ள வந்ததுக்கு மட்டுமில்ல, மேனேஜர் காரு மேல கல்லு விட்டது யாருன்னு முப்பத்தோரு பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டதுக்கும் சேர்த்து, அந்த முப்பத்தோரு பேருக்கும் வேலை போச்சு, லிஸ்ட்டை டைப் அடிச்சது நான்தான்.

மிச்சம் பதினோரு வண்டி எங்கே என்றேன், விலை அதில்தான் இருக்கிறது, அந்த நேரத்திலும் எனக்கு அதைக் கேட்கத் தோன்றியது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. வேதரத்தினம் விரலை மடக்கினார், இரண்டு நாமக்கல் பக்கம் செங்கல் சூளைக்குப் போய் அங்கேயே செத்தன, ஒன்று கட்டளை வாய்க்காலில் கிடந்தது, ஒன்றைத் தொழிலாளிகள் கொளுத்தியதாகப் பேப்பரில் வந்தது, கொளுத்துனது ஓனரே, இன்சூரன்சுக்கு என்றார், மற்றதெல்லாம் இரண்டு வருஷத்துக்குள் வெட்டி எடைக்குப் போனவை, புது வண்டியை யாராவது வெட்டுவார்களா, அவர்கள் வெட்டினார்கள், தெருவில் நிறுத்த முடியவில்லை, உங்கப்பா ஒருத்தர்தான் வச்சு ஓட்டுனாரு, தைரியமா திமிரான்னு எனக்குத் தெரியல என்றார். ஆக, அபூர்வமான வண்டிதான், அபூர்வமாக்கியவர்கள் அதை வாங்கியவர்களே. பஸ்ஸில் திரும்பி வந்து படுத்தேன், வெளியே வெயில், ஷிப்டுக்கு இன்னும் ஏழு மணி நேரம், கண் மூடியதும் அப்பா மயிலை ஓட்டிக்கொண்டு போகிறார், பின்னால் முப்பத்தோரு பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள், கம்பியைப் பிடித்திருக்கிறார்கள், வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது எல்லாரும் ஒரே மாதிரி ஆடுகிறார்கள், நான் நடுவில் உட்கார்ந்து கியர்த்தண்டை முழங்காலால் இடித்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு நாலு வயது, இல்லை, எனக்கு முப்பத்தெட்டு வயது, வண்டி நிற்கிறது, அப்பா இறங்கி இடது கதவின் முன் குந்துகிறார், ஒரு தகட்டால் சாந்துபோல எதையோ வழித்துக் கதவில் தடவுகிறார், தடவிவிட்டு ஊதுகிறார், இது கனவில்லை, இதை நான் நிஜமாகவே பார்த்திருக்கிறேன், என்னப்பா என்று கேட்டிருக்கிறேன், வண்டிக்குக் காயம் என்று சொல்லியிருக்கிறார், அன்றைக்கு முழுக்க நானும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அந்தக் காயத்தை ஊதியிருக்கிறேன்.

ஹரிகோவிந்த் காரில் வந்தார், வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஒரு காந்தம், அம்மா கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு வேலையில் இறங்கினார், காந்தத்தை நூலில் கட்டி வண்டியின் உடம்பெல்லாம் வைத்து வைத்துப் பார்த்தார், இரும்பென்றால் ஒட்டும், பட்டி பூசிச் சமப்படுத்திய இடமென்றால் வழுக்கும், பானெட்டில் ஒட்டியது, வலது கதவில் ஒட்டியது, இடது கதவில் நடுவில் வைத்ததும் கீழே விழுந்தது, மறுபடி வைத்தார், மறுபடி விழுந்தது. அடடா, முழுசா பட்டி பாத்திருக்காங்களேங்க, கதவு அடி வாங்கியிருக்குது, ஒரிஜினல் போச்சுங்க, ஒன்றரைக்கு மேல பேச முடியாது என்று உதட்டைப் பிதுக்கினார், ஒன்றரை லட்சம், முப்பத்தெட்டாயிரத்துக்கு அது மேல்தான், ஆனால் குட்டியானை வராது, சேதம் எவ்வளவு என்று பார்த்துவிடலாமே என்றேன், அவர் காரிலிருந்து உப்புத்தாள் எடுத்துவந்தார், தண்ணீர் ஊற்றி ஊற்றி இரண்டு பேரும் மாறி மாறித் தேய்த்தோம், பச்சைத் தண்ணீர், நீலத் தண்ணீர், சாம்பல் தண்ணீர் என்று முழங்கை வரை வழிந்தது, கடைசியில் பட்டி வந்தது, அதையும் தேய்த்தோம், பட்டி மெலிந்து பாலாடை நிறம் எட்டிப் பார்த்தபோது கதவில் கோடுகள் தெரிந்தன, கீறலுக்குள் இறங்கியிருந்த பட்டி மட்டும் போகாமல் மஞ்சளாக நின்றது, ஒரு கோடு, ஒரு வளைவு, இன்னொரு கோடு, முழங்கை நீளத்துக்கு எழுத்து, கருங்காலி. ஸ்டிரைக் நேரத்தில் உள்ளே போய் வேலை பார்த்தவனை இந்தப் பக்கத்தில் அந்த ஒரு வார்த்தையால்தான் சொல்வார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்பட்டதில்லை. அப்பா அதை அப்படியே விட்டிருந்தால் துரு ஏறித் தகரம் தின்று நாலு வருஷத்தில் படிக்க முடியாமல் போயிருக்கும், அவர் கீறல் கீறலாகப் பட்டி நிரப்பி, மேலே பூசி, வருஷா வருஷம் மூன்று கை பெயிண்ட் அடித்து, ஒரு எழுத்தும் கெடாமல் முப்பத்துநாலு வருஷம் காப்பாற்றி வைத்திருக்கிறார், ஃபிட்டர் வேலை, குறை சொல்ல முடியாது.

ஹரிகோவிந்த் போனை எடுத்துப் பக்கத்தில் நின்றும் தள்ளி நின்றும் படமெடுத்தார், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, இந்தக் கதவைத் தொடாதீங்க, இனிமே இதுமேல ஒரு துணிகூடப் படக்கூடாது, இப்படியே ஏழு லட்சம் தர்றனுங்க என்றார், ஒன்றரை ஏழாக ஆனதற்கு இடையில் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அவரிடம் இது எங்கப்பாவைச் சொன்னது என்றேன், தெரியுதுங்க, அதுக்குத்தானுங்க விலை என்றார், மரியாதையாகத்தான் சொன்னார். ஒன்றே ஒன்று வேண்டும், இதை யார் எழுதியது, எந்தச் சமயத்தில், ஸ்டாம்ப் பேப்பரில் குடும்பத்தார் எழுதிக் கொடுக்க வேண்டும், கண்காட்சியில் வண்டியோடு அதையும் வைப்பார், ஒரு பேர் கிடைச்சுதுன்னா ரொம்ப நல்லதுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேர் என்றதும் சந்தியாகுவைத்தான் நினைத்தேன், முப்பத்தோரு பேரில் முதல் பேர், சங்கத்தில் செயலாளராக இருந்தவர், வேலை போனபின் ரிங் ரோடு திருப்பத்தில் பஞ்சர் கடை போட்டு உட்கார்ந்தவர், எழுபத்தெட்டு வயதிலும் அவர்தான் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்க்கிறார். என்னைப் பார்த்ததும் வாடா செல்லப்பெருமாள் மவனே, ரதம் எவ்வளவுக்குப் போவுது, கேள்விப்பட்டேன் என்றார், குந்தச் சொன்னார், உங்கப்பன் இந்தக் கடையில ஒரு தடவகூடப் பஞ்சர் ஒட்டுனதில்ல, இந்தா இங்கதான் ஒருநாளு ஆணி ஏறிடுச்சு, கொட்டுற மழையில டீக்கடை வரைக்கும் தள்ளிக்கிட்டே போனாரு, நான் பார்த்துக்கிட்டே இருந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு என்று சிரித்தார், முன்பல் இரண்டு இல்லை. கதவில் எழுதியது நீங்களா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. டியூபைத் தண்ணீரிலிருந்து எடுத்தார். ஆசை இருந்துச்சு தம்பி, அந்தப் பன்னெண்டையும் நொறுக்கணும்னு கையி அரிச்சுது, ஆனா லேபர் கோர்ட்டுல கேஸு இருந்துச்சு, ஒருத்தன் ஒரு கண்ணாடிய உடைச்சாலும் முப்பத்தோரு பேருக்கும் வேல திரும்பாது, மாதா கோயில் வாசல்ல நிக்கவச்சு சத்தியம் வாங்குனேன், ஒரு வண்டி மேல ஒரு கையி படக்கூடாதுன்னு, ஒருத்தனும் தொடல, கேஸு மட்டும் பதினாறு வருஷம் நடந்துச்சு, தோத்துட்டோம் என்றார், பிறகு டியூபைத் துடைத்தபடி, எங்க மேல ஆயிரம் சொல்லு, அத மட்டும் சொல்லாத, அது ஒன்னுதான் நாங்க ஒழுங்கா செஞ்சது என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கதவைப் பார்த்தபடி நின்றிருந்தாள், ஹரிகோவிந்த் போனதிலிருந்து அவள் வண்டிப் பக்கம் வரவில்லை, இப்போது வந்திருந்தாள், சங்கத்துக்காரங்க இதை எழுதலையாம்மா என்றேன், அவங்க எதுக்கு எழுதுறாங்க, நான்தான் எழுதுனேன் என்றாள், புளி கரைத்துவிட்டேன் என்று சொல்வதுபோலச் சொன்னாள். உட்கார்ந்தாள். அவளுக்கு ஒரு தம்பி இருந்தார், தங்கராசு, எனக்குச் சட்டம் போட்ட படமாகத்தான் தெரியும், கம்பெனியில் சேர்த்துவிட்டதே அப்பாதான், எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார், ஸ்டிரைக்கில் அப்பா உள்ளே போனார், தங்கராசு வெளியே நின்றார், ஒரே சட்டியில் சோறு. முப்பத்தோரு பேரில் பதினேழாவது பேர் தங்கராசு. அவன் பேரை ஏன் எழுதுனீங்கன்னு கேட்டேன், என்றாள் அம்மா, அவன் பேரை விட்டா மத்த பேரை எவனும் நம்பமாட்டான்னாரு, அவ்வளவுதான் சொன்னாரு, திரும்ப அதைப் பத்திப் பேசவே இல்ல. தங்கராசு வடக்கே பிவண்டிக்குப் போய்த் தறி ஓட்டினார், எண்பத்தெட்டில் அங்கேயே இறந்துபோனார், பதினாறு நாள் கழித்துக் கார்டு வந்தது, ஆயுத பூஜை அன்று வந்தது, அப்பா வண்டிக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டுப் பூசணிக்காய் வாங்கப் போயிருந்தார், சாவி ஆணியில் தொங்கியது, அந்தச் சாவியாலதான் எழுதுனேன், கை வலிக்க வலிக்க எழுதுனேன், வந்து பார்த்தாரு, சாயந்தரம் பட்டி வாங்கிட்டு வந்தாரு, என்னை ஒரு வார்த்தை கேக்கல, நானும் சொல்லல, அதுக்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல சோறு போட்டிருக்கேன். அவள் அந்த வண்டியில் ஒருநாளும் ஏறியதில்லை, பிரசவத்துக்குக்கூட பஸ்ஸில் போனவள், வாந்தி வரும் என்று சொல்லிக்கொள்வாள், நாங்கள் நம்பினோம். ஏம்மா அவர் இதை விக்கல என்று கேட்டேன், என் படிப்பைச் சேர்த்துத்தான் கேட்டேன், அவளுக்குப் புரிந்தது. வித்தா தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல என்றாள்.

நான் ஹரிகோவிந்தைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன், அவர் பொறுமையாகக் கேட்டார், கஷ்டமாத்தான் இருக்குதுங்க என்றார், பிறகு, ஆனா யோசிச்சுப் பாருங்க, பொண்டாட்டி கிறுக்குனான்னா அது வீட்டுச் சண்டைங்க, தொழிலாளி கிறுக்குனாத்தான் சரித்திரம், வீட்டுச் சண்டைக்கு யாருங்க ஏழு லட்சம் குடுப்பாங்க என்றார், சனிக்கிழமை வாரனுங்க, பேப்பர் நானே கொண்டாரேன் என்றார். மூன்று நாள் இருந்தது, மூன்று ஷிப்ட், குழாய்க்கு விளிம்பு சீவும்போது தீப்பொறி பறக்கும், அதைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும், யோசிக்கவில்லை, மண்ணச்சநல்லூரில் ஒரு குட்டியானை இருக்கிறது, ஒரே ஓனர், ஐந்து இருபது சொல்கிறான், அதன் பின்பக்கத் தார்ப்பாய் எந்த நிறத்தில் போடுவது என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டாம்ப் பேப்பர் டைப் அடித்து வந்தது, மேற்படி வாகனத்தின் இடது கதவில் காணப்படும் வாசகம் வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட தொழிலாளர்களால் எழுதப்பட்டது என்றும், அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் இன்னார் என்றும் இருந்தது, இன்னார் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு, மை பேனாவால நீங்களே உங்க கையால எழுதுனா நல்லாயிருக்குமுங்க என்று ஹரிகோவிந்த் பேனாவைத் திறந்து கொடுத்தார். ம. சந்தியாகு என்று எழுதினேன், கீழே என் கையெழுத்தைப் போட்டேன், பேர் எழுதுவது இவ்வளவு சுலபம் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம், யார் சொல்வது, சொல்ல வேண்டியவர் வாயைத் திறக்காமலே போய்விட்டார். வாரிசு என்று அம்மாவும் போட வேண்டும், அவள் தாளை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உதட்டை அசைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள், பேர் இருந்த இடத்தில் நின்றாள், சந்தியாகு உசுரோட இருக்காரா என்று கேட்டாள், இருக்கார் என்றேன், ம் என்றாள், பேனாவைக் கேட்டு வாங்கினாள். ராசாம்பாள் என்று எழுதினாள், அழுத்தி எழுதினாள், ஒவ்வொரு துணைக்காலையும் வரிக்குக் கீழே இழுத்து நுனியில் வலப்பக்கம் சுழித்தாள், நாலடி தள்ளி வெயிலில் நின்ற கதவில் அதே கால், அதே சுழி, ஹரிகோவிந்த் ஒரு தடவை தலையைத் திருப்பியிருந்தால் போதும், அவர் திருப்பவில்லை, ஸ்டாம்பில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார், அம்மா பார்த்தாள், கதவைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், பிறகு மை காயட்டும் என்று தாளை என்னிடம் நீட்டினாள், நான் ஊதினேன்.